தைலம் ஊற்றியவர்

தொண்ணூறுகளில் நாங்கள் விஷ்ராந்த்வாடியில் இருந்தபோது, எங்கள் சொசைட்டி அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டை மாடிக்கு நேர் கீழே அவர் வீடு. நெட்டையான, சிடுமூஞ்சி மனிதர். நீலகிரித் தைலம் நனைத்த கைக்குட்டையை எந்நேரமும் மூக்கில் வைத்திருப்பார். படிக்கட்டில் அந்த வாடை வந்தாலே நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

மாடியில் தொட்டிகள் வைத்து வெந்தயம் விதைத்தேன். ஒரு தொட்டியில்தான் முளைத்தது. மறுபடி விதைத்தும் மற்றவற்றில் ஒன்றும் வரவில்லை. மண்ணைக் கிளறினால் அதே தைல வாடை. நேராகப் போய் அவர் கதவைத் தட்டினேன்.

"அங்கிள், என் தொட்டியில தைலம் ஊத்தினது நீங்கதானே?"

"நான்தான். தைலம் பட்டா விதை முளைக்காது. உன் தண்ணி மொத்தமும் என் சீலிங்லதான் இறங்குது. எத்தனை தடவை சொல்லியாச்சு?"

"அப்போ அந்த ஒரு தொட்டியை மட்டும் ஏன் விட்டீங்க?"

"நான் வர்றதுக்குள்ள அது முளைச்சிடுச்சே. முளைச்சதைக் கொல்றது பாவம்மா" என்று சொல்லிக் கதவை அறைந்து சாத்தினார்.

முளைக்கவிடாமல் செய்வது மட்டும் என்ன புண்ணியமோ! அந்த ஆளை எனக்கு இன்றும் பிடிக்காது. ஆனால் கீரையை வேரோடு பிடுங்கும்போதெல்லாம், பாவி மனிதர், என் கைக்குக் குறுக்கே வந்து நிற்கிறார்.