பம்பின் மேல் ஈரத்துண்டு

சங்ககிரி மேட்டில், முனியப்பன் கோயில் முன்னால், வீணாய்ப்போன என் பழைய கார் நின்றுவிட்டது. போன் செய்து வரவழைத்த மெக்கானிக் பானெட்டைத் திறந்து, எஞ்சினுக்குப் பெட்ரோல் ஏற்றும் பம்பின் மேல் ஈரத்துணியைப் போட்டார். "சூடானா நின்னுக்குதுங்க. ஆறுனா ஓடும்."

சூட்டில் ஈரத்துணியின் வாசனை எழுந்தது. சின்ன வயதில் அப்பாவின் காரும் வெயிலில் இங்கேதான் நிற்கும். முனியப்பனுக்குக் கோபம் என்று அப்பா கற்பூரம் கொளுத்திக் கண்ணை மூடிக்கொள்வார். அதற்குள் அம்மா பானெட்டைத் திறந்து, நனைத்த துண்டைப் பம்பில் போட்டு எடுத்துவிடுவாள். லாரிக்காரர்களைப் பார்த்துக் கற்றது. "அப்பாகிட்டச் சொல்லீராத கண்ணு" என்பாள்.

அம்மா போய் மூன்று வருஷம். பின்சீட்டிலிருந்த அப்பாவிடம் இன்று சொல்லிவிட்டேன்.

"தெரியுங் கண்ணு," என்றார். "பானெட் மூடற சத்தம் கேட்டப்புறந்தான் நான் கண்ணையே தொறப்பேன்."