கண்டக்டர் வாய் திறக்காத ஆட்டம்

பஸ் டிப்போவின் கால்பந்து அணிக்குக் கண்டக்டர்தான் கோச். அவர் பந்தை உதைத்து யாரும் பார்த்ததில்லை. முழங்காலில் பழைய காயம் என்பார். எந்த முழங்கால் என்பது கேட்கிற ஆளைப் பொறுத்தது. அவருடைய மூலதனம் எல்லாம் வாய்தான். நெரிசலில் பின்படிக்கட்டிலிருந்து டிரைவர் காதுக்கு எட்டிய அதே வாய், மைதானத்தின் ஓரக்கோட்டில் நின்று எதிரணியை வாரும்.

எதிரணித் தடுப்பாட்டக்காரன் ஒரு கணம் பிந்தினால், "இறங்க வேண்டிய ஸ்டாப்புல தூங்கிட்டியே தம்பி" என்பார். இடைவெளி விழுந்தால், "நடுவுல எல்லாம் காலி, உள்ள போய் நின்னா குறைஞ்சா போயிடுவீங்க?" கூட்டம் இதைக் கேட்கத்தான் வந்தது.

வங்கி அணியின் கோச் அங்கே மேனேஜர். கசங்காத சட்டை, கட்டிய கை. எதிரணி கோல் போட்டாலும் கைதட்டுவார். கோச் என்பவர் கண்ணியம் காக்க வேண்டும் என்று பரிசளிப்பின்போது பேசுவார். முடிப்பதற்குள் பாதிப் பேர் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள். போட்ட இடத்திலேயே கிடப்பதால் கண்டக்டர் அவருக்கு 'டெபாசிட்' என்று பெயர் வைத்திருந்தார். அப்புறம் கண்டக்டரின் மகள் போய் அந்த டெபாசிட்டின் பையனையே காதலித்துக் கட்டிக்கொண்டாள்.

இறுதி ஆட்டம் இந்த இரண்டு அணிகளுக்கும்தான் என்று தெரிந்ததும் மகள் வந்தாள். உட்காரக்கூட இல்லை.

"நீங்க ஒரு வார்த்தையை விட்டுட்டுப் போயிடுவீங்கப்பா. அதை தினமும் சாப்பாட்டு மேசையில கேட்கப்போறது நான்."

"விளையாட்டுக்குச் சொல்றதும்மா."

"அந்த வீட்டுல யாருக்கும் விளையாட்டுத் தெரியாது."

கண்டக்டர் வாக்குக் கொடுத்தார். ஆட்டத்தன்று வாயில் ஒரு மிட்டாயை அடக்கிக்கொண்டு நின்றார்.

முன்வரிசையில் ஆடிய மெக்கானிக் பந்து கிடைத்ததும் ஓரக்கோட்டைப் பார்த்தான். கண்டக்டர் மிட்டாய் சப்பிக்கொண்டிருந்தார். அவன் நின்றான், பந்து பறிபோனது. அடுத்தவனுக்கும் அதே கதி. நடுவில் காலி என்று அவர் எதிரணியைக் கிண்டலடித்தால் இவர்கள் நடுவில் புகுவார்கள். எவன் தூங்குகிறான் என்று அவர் கத்தினால் அவன் பக்கம் பந்து போகும். வேறு பயிற்சி எதையும் அவர் கொடுத்ததில்லை. இது அவருக்கே அன்றுதான் தெரிந்தது.

இடைவேளையில் மெக்கானிக் வந்து, எங்கள் மேல் ஏதாவது கோபமா என்று கேட்டான். உடம்பு சரியில்லை என்றார்.

"அப்ப அவங்களை நாலு திட்டு திட்டுங்கண்ணே, சரியாப் போயிடும்."

இரண்டாம் பாதியில் எதிரணியின் நடுவே ஒரு பஸ்ஸைத் திருப்பி எடுக்கும் அளவுக்கு இடம் கிடந்தது. தொண்டைக்கு வந்ததை மிட்டாயோடு விழுங்கினார். வங்கி நாலு கோல் போட்டது. மேனேஜர் ஒவ்வொன்றுக்கும் அளவாகக் கைதட்டினார். முடிந்ததும் வந்து, எல்லோர் முன்னாலும் கண்டக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கோலா முக்கியம் சம்பந்தி? உங்க பசங்க எவ்வளவு ஆசையா ஓடினாங்க, அது போதும்."

தன் வாழ்நாள் வசவுகளில் ஒன்றுகூட இவ்வளவு ஆழம் போனதில்லை என்று கண்டக்டருக்குத் தோன்றியது.

அடுத்த ஞாயிறு மகள் வந்து தொப்பென்று உட்கார்ந்தாள். மாமனார் தவறாக ஒன்றும் சொல்லவில்லையாம். சாப்பிட உட்காரும்போதெல்லாம் 'உங்கப்பா பாவம்மா' என்கிறாராம். மாமியார் உச்சுக்கொட்டுகிறாளாம். புருஷன் முதுகைத் தடவிக்கொடுக்கிறானாம்.

"திட்டினா திருப்பித் திட்டலாம். இதுக்கு என்னப்பா சொல்றது?"

கண்டக்டர் ஒரு மிட்டாயை நீட்டினார், அவள் அதைத் தள்ளிவிட்டாள்.

"அவங்களோட அடுத்த ஆட்டம் எப்போ?"

"வர்ற மாசம்."

"நானும் வரேன். மாமா முதல் தடவை கைதட்டினதும் ஆரம்பிச்சிடுங்க."