கடைசிப் பக்கத்து யானை

சனிக்கிழமை காலையில் எங்கள் மந்தைவெளி வீட்டு கேட்டுக்குள் ஓர் இலவச வாரப் பத்திரிகை வந்து விழும். அதன் கடைசித் தாளில் சிறுவர்கள் வண்ணம் தீட்டிப் போட்டிக்கு அனுப்ப ஒரு படம் இருக்கும். பின்புறம் முழுக்க அக்கம்பக்கத்து வேலை விளம்பரங்கள். அபிராமபுரத்தில் டியூஷன் டீச்சர் தேவை, கோபாலபுரத்தில் கணக்கு எழுத ஆள் தேவை, இப்படி. அந்தப் பத்திரிகை எனக்கும் அப்பாவுக்கும் மட்டுமே உரியது என்பது நான் போட்ட சட்டம். நான் வண்ணம் தீட்டுவேன், அவர் கிரேயான் சீவித் தருவார்.

நான் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது அக்கா அந்தச் சட்டத்தை உடைத்தாள். அவளும் அப்பாவும் தலையோடு தலை முட்ட விளம்பரங்களைப் படித்து, சிவப்புப் பேனாவால் வட்டம் போட ஆரம்பித்தார்கள். ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோயில் நோட்டீஸ் போர்டு முன்னாலும் இதே கூத்து. அக்காவுக்கு வேலை தேடுகிறார்கள் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன். வேலைக்குப் போவதற்கு முன்னாலேயே இவ்வளவு செல்லமா? எனக்கு வயிறு எரிந்தது.

ஒரு வாரம் யானைப் படம் வந்தது. திருப்பிப் பார்த்தேன். யானையின் வயிற்றுக்கு நேர் பின்னால் அந்த வாரத்தின் ஒரே சிவப்பு வட்டம். தெரிந்தேதான் கத்தரித்தேன். பின்புறம் முழுக்கப் பசை தடவி அட்டையில் ஒட்டி, யானைக்குப் பச்சை வண்ணமும் அடித்தேன்.

ஓட்டை விழுந்த தாளைப் பார்த்து அக்கா அழுதேவிட்டாள். "பிசாசே! திங்கக்கிழமை இன்டர்வியூ. போன் நம்பர் அதுலதான்டி இருந்துச்சு. அப்பா, மாடி வீட்டுல அவங்க பேப்பரை வாங்கிட்டு வரட்டா?"

"வேணாம்மா. எதுக்குன்னு கேப்பாங்க," என்றார் அப்பா.

அவர் என்னை அடிக்கவில்லை. "வா பாப்பா, போட்டிக்குப் படத்தைக் குடுத்துட்டு வரலாம்" என்று ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டார். என்னை மட்டும். வாசலில் நின்ற அக்காவுக்கு நாக்கைத் துருத்திக் காட்டினேன்.

மயிலாப்பூரில் இருந்த பத்திரிகை ஆபீஸில் படத்தைப் பெட்டியில் போட்டதும், அப்பா வாட்ச்மேனிடம் இன்னொரு பிரதி கேட்டார்.

"எல்லாம் பூடுச்சே சார். இன்னாத்துக்கு?"

"பாப்பா இன்னொரு தடவை கலர் பண்ணணுமாம்."

நான் அப்படிக் கேட்கவே இல்லை. இருந்தாலும் எனக்காக ஒருவரிடம் கெஞ்சுகிறாரே என்று பூரித்துப்போனேன். வாட்ச்மேன் எங்கிருந்தோ ஒரு கசங்கிய பிரதியைத் தேடி எடுத்துக் கொடுத்தார். அப்பா கடைசித் தாளை மட்டும் கிழித்து, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சிக்னலில் நின்றபோதெல்லாம் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். என் யானை பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்கிறார் என நினைத்து, அவர் முதுகில் சாய்ந்துகொண்டேன்.

அக்கா அப்போது பிளஸ் டூதான் படித்துக்கொண்டிருந்தாள். வேலை போயிருந்தது அப்பாவுக்கு. எனக்குத் தெரிந்ததெல்லாம், ஒரு மாதமாகத் தினமும் அப்பாவே பள்ளிக்கு வந்து என்னைக் கூட்டிப்போகிறார் என்பதுதான். அக்காவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.