தம்பி தண்ணீரில் கிடந்த மத்தியானம்

பிள்ளைகளுக்கு முதலில் நீந்தக் கற்றுக்கொடுக்கக் கூடாது, தண்ணீரில் கிடக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது என் அம்மாவின் கட்சி. நீந்துகிற பிள்ளை களைத்துப் போகும். மல்லாந்து கிடக்கிற பிள்ளையை யாராவது வந்து எடுத்துக்கொள்ளலாம் என்பாள். எனக்கும் இப்போது பத்து மாதத்தில் ஒரு மகன் இருக்கிறான். அவனைத் தண்ணீரில் இறக்கலாமா, இன்னும் ஒரு வருஷம் பொறுக்கலாமா என்று தெரியாமல் குளக்கரை வரை போய்ப் போய்த் திரும்பிவிடுகிறேன்.

அம்மா தம்பிக்கு அதைக் கற்றுக்கொடுத்தது எல்லைப் போராட்டம் நடந்த காலத்தில். பாறசாலைப் பக்கத்து எங்கள் ஊரும் திருவிதாங்கூரை விட்டுத் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று அப்பா கூட்டங்களுக்குப் போனார். பிறகு போலீசுக்குப் பயந்து வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார். அக்கம்பக்கத்து ஆண்களும் அப்படியே. வீட்டுக்குப் பின்னால் குளம். தம்பிக்கு இரண்டு வயது நிறையவில்லை. கையை விட்டால் அங்கேதான் ஓடுவான். விழுந்தால் குதித்து எடுக்க ஆள் இல்லையே என்பது அம்மாவின் கவலை.

மத்தியானந்தோறும் அவன் சட்டையைக் கழற்றி, இடுப்பளவு தண்ணீருக்குக் கொண்டுபோவாள். பிடரியில் ஒரு கை, முதுகில் ஒரு கை. முதலில் முதுகுக் கை விலகும், சில நாள் கழித்துப் பிடரிக் கையும். பிறகு குப்புறக் கவிழ்த்துவிடுவாள். அவன் புரண்டு, இருமி, வானத்தைப் பார்த்துக் கிடப்பான். ஆறு வயதான எனக்கு, படியில் உட்கார்ந்து உரக்க எண்ணுகிற வேலை. என் குரல் கேட்டால் அவன் அழமாட்டான். அழுதால் வாய்க்குள் தண்ணீர் போகும். ஐம்பதுக்கு மேல் எனக்கு மலையாளத்தில்தான் வரும், பள்ளிக்கூடம் அப்படி. அப்பா வீட்டில் இல்லாததால் அது குற்றமாகவில்லை.

குளத்துக்குத் துவைக்க வருகிற அத்தை, அப்பாவின் தங்கை. அவளுக்கு இதெல்லாம் வேடிக்கை.

"மைனி, நீங்க பிள்ளையா வளக்குதிய, தவளையா?"

"தவளை முங்கிச் சாவாதாக்கும்."

"அண்ணன் பாத்தா உங்களைப் பிடிச்சு முக்குவாரு."

"முக்கட்டு. முதல்ல வீட்டுக்கு வரட்டு."

ஒரு நாள் சாலையில் போலீஸ் வண்டி நிற்கிற சத்தம் கேட்டது. "தம்பியைப் பாத்துக்கோ மக்கா, இப்பம் வாறேன்" என்று சொல்லிவிட்டு அம்மா வேலிப்பக்கம் ஓடினாள். நான் திண்ணையில் உட்கார்ந்து புளியங்கொட்டைகளை நிறம் பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது தம்பி இல்லை. குளத்துக்குப் போகிற நேரம்தான்; அம்மா எடுத்துப் போயிருப்பாள் என்று நானும் போனேன்.

தம்பி தண்ணீரில் மல்லாந்து கிடந்தான். அம்மாவைக் காணோம். தலை துவட்டத் துவர்த்து எடுக்கப் போயிருப்பாள். சட்டையைக்கூடக் கழற்றாமல் இறக்கியிருக்கிறாளே என்று நினைத்துக்கொண்டே படியில் உட்கார்ந்து எண்ணத் தொடங்கினேன். அவன் உதடு பிதுங்கியது. அழப்போகிறான் என்று இன்னும் உரக்க எண்ணினேன். அந்தச் சத்தம்தான் அவனை அங்கே கிடக்கவைத்ததா என்று இப்போதும் சில சமயம் யோசிக்கிறேன். எழுந்து ஓடிப்போய் அம்மாவைக் கூப்பிட்டிருக்க வேண்டும் என்றும் யோசிக்கிறேன்.

எழுபத்துமூன்று எண்ணும்போது அம்மா வந்தாள். கட்டிய துணியோடு குதித்தாள்.

"எப்பம் எறங்கினான்?"

"நீதானே எறக்கின? எழுபத்திமூணு ஆச்சு!"

அம்மா படியில் ஏறி உட்கார்ந்தாள். தம்பியை மடியில் கிடத்தி, மறு கையால் என்னை இழுத்து வலிக்கும்படி அணைத்துக்கொண்டாள். அவள் பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன. அந்த வெயிலில் அவளுக்கு மட்டும் ஏன் குளிர்கிறது என்று பார்த்தேன்.

சாயங்காலம் செய்தி கேட்டு அப்பா வந்துவிட்டார். வீடு நிறைய ஆட்கள். தம்பி மடி மடியாக மாறினான். அத்தை "என் தவளையே" என்று கன்னத்தில் முத்திக்கொண்டே இருந்தாள்.

"பிள்ளையை ஆரு பாத்துட்டு இருந்தா?" என்று அப்பா கேட்டார்.

"நானாக்கும். கண்ணு தப்பிப் போச்சு. பக்கத்தில வேற ஆரும் இல்ல" என்றாள் அம்மா.

நான் இருந்தேனே! சொல்ல வாயைத் திறந்தேன். அவித்த மரச்சீனிக் கிழங்கு ஒரு துண்டு வாய்க்குள் வந்தது. அத்தனை பேர் முன்னால் அப்பா அவளை ஏசி முடிக்கும்வரை, தலையைக் குனிந்து எனக்குக் கிழங்கு ஊட்டிக்கொண்டே இருந்தாள்.

தம்பி கூடவே இருந்து எண்ணியவள் நான். என் பெயரை விட்டுவிட்டு எல்லாவற்றையும் தனக்கே எடுத்துக்கொண்டாளே என்று எனக்குத் தாங்கவில்லை. இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. ஏன் என்று அவளும் கேட்கவில்லை.