வாரேன் என்று சொல்லிவிட்டு வந்தவள்

இங்கே வேலை முடிந்து கிளம்புகிறவர்கள் ‘ஐம் ஆஃப்’ என்கிறார்கள். நான் இங்கிலாந்துக்கு வந்த புதிதில், வார்டு சிஸ்டர், அதாவது தலைமை நர்ஸ், கோட்டை மாட்டிக்கொண்டு இப்படிச் சொன்னபோது திகைத்துப்போனேன். நமக்கு ஆஃப் ஆவது விளக்கும் ஃபேனும்தானே, மனுஷி எப்படி ஆஃப் ஆவாள்? சிஸ்டர் என்றதும் கன்னியாஸ்திரீ என்று நினைத்து முதல் நாள் அவருக்குக் கைகூப்பித் தோத்திரம் சொன்னவள் நான். அந்தம்மாளுக்குப் புருஷனும் மூன்று பிள்ளைகளும் இருந்தார்கள். ஆரோக்கியமேரி என்ற என் பெயரில் ஆரோக்கியத்தை வெட்டிவிட்டு மேரியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அதற்கும் பழகிவிட்டேன். ஆறு வருடத்தில் பழகாதது என் வாய் ஒன்றுதான். சாயங்காலம் டியூட்டி முடிந்ததும் ஒவ்வொரு கட்டிலாகப் போய், “ஐ ஆம் கமிங்” என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவேன். மற்ற நர்சுகள், “வருகிறாயா போகிறாயா மேரி?” என்று சிரிப்பார்கள். போறேன் என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. காரைக்குடியில் வளர்ந்தவளுக்கு எப்படி வரும்?

காரைக்குடி ஆஸ்பத்திரியில் பிலோமினா அக்காதான் எங்களுக்குத் தலைமை நர்ஸ். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. விடியற்காலைப் பூசைக்கு மாதா கோயிலைத் திறப்பதும் அவர்தான், பூசை முடிந்து வார்டுக்கு முதலில் வருவதும் அவர்தான். பூசைப் பீடத்தில் விரிக்கிற பீடத்துணிகளைத் துவைத்து, கஞ்சி போட்டு, பெட்டிபோட்டு மடித்து வைக்கிற வேலையை வேறு யாரிடமும் விடமாட்டார். என்னிடம் மட்டும் விட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இரண்டு பேரும் மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கத்துக் கிராமமான மானகிரிக்கு நடப்போம். புண்ணுக்குக் கட்டு மாற்றுவோம், பிள்ளை பெற்றவளைப் பார்ப்போம். அக்காவுக்கு அலுப்பு என்றால் என்னவென்றே தெரியாது. எனக்கு நன்றாகத் தெரியும். வெயிலில் அவர் பின்னால் நடக்கையில், இந்த ஒரு ஞாயிறாவது என்னைத் தூங்க விட்டால் ஆகாதா என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே போயிருக்கிறேன். சாமியாரிடம் செய்கிற பாவசங்கீர்த்தனத்தில்கூட அதைச் சொன்னதில்லை.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் உண்டு. குணமாகி வீட்டுக்குப் போகிறவர்கள் வாரேன் என்று சொல்லமாட்டார்கள். மகள் பிரசவத்துக்குத் துணையிருந்த ஆச்சி ஒருவர், புறப்படும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஆசுபத்திரியிலயும் எழவு வீட்டுலயும் வாரேன்னு சொல்லப்படாது நர்சம்மா. சொல்லாமப் போறாளேன்னு தப்பா நெனச்சுக்கிராதீக” என்றார். அக்கா பக்கத்திலிருந்து, “நீங்க வராம இருந்தாத்தான் ஆச்சி எங்களுக்குச் சந்தோசம்” என்று சிரித்தார். அந்தக் கட்டடத்தில் வாரேன் என்று சொல்ல உரிமை உள்ளவர்கள் நர்சுகள் நாங்கள் மட்டும்தான்.

அறுபத்தெட்டாம் வருடம் நான் இங்கிலாந்துக்குப் புறப்பட்டபோது அக்கா கோயில் வாசலில் நின்றார். பீடத்துணிப் பெட்டியின் சாவி அவர் இடுப்பில் தொங்கியது. “ரெண்டு வருசப் படிப்புதானே? முடிச்சுட்டு வா. எனக்கப்புறம் இதெல்லாம் ஒனக்குத்தான்” என்றார். நான், “வாரேங்க்கா” என்றேன். சத்தியமாக, வரத்தான் நினைத்திருந்தேன்.

படிப்பு முடிந்தது. ஏன் போகவில்லை என்று கேட்டால் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. இங்கே எனக்கு ஓர் அறை இருக்கிறது. கதவைச் சாத்தினால் யாரும் கூப்பிடமாட்டார்கள். இங்கேயும் கோயிலில் பூ வைக்கிறேன், பூசைக்குப் பிறகு டீக் கோப்பைகளைக் கழுவுகிறேன். ஆனால் கழுவி முடித்ததும் அவர்களே என்னை வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுகிறார்கள். அந்தச் சுகம் ஒட்டிக்கொண்டது. அக்காவின் கடிதம் வரும்போதெல்லாம், வருகிறேன் என்றே பதில் எழுதினேன். இரண்டு மாதத்துக்கு முன் வந்த நீலக் கடிதத்தில் அக்கா பேசுகிற மாதிரியே எழுதியிருந்தார். “முழங்கால் மடங்க மாட்டேங்குது. மானகிரிக்குப் போயி மூணு மாசமாச்சு. சாவியக் கேட்டு ஆளு வருது, நான் குடுக்கல. நீ வாரேன்னுட்டுப் போயிருக்கே. எப்ப வாரே?” படித்துவிட்டுப் பைபிளுக்குள் வைத்தேன். மூன்று வாரம் அதைத் தொடவில்லை.

அந்த நாட்களில்தான் எங்கள் வார்டுக்கு மிசஸ் ஹோல்ட் வந்தார். எண்பதைத் தாண்டிய கிழவி, இடுப்பெலும்பு முறிவு, பார்க்க வர யாரும் இல்லை. சாயங்காலம் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, கம்பளியைப் போர்த்திவிட்டு, பழக்கதோஷத்தில் “ஐ ஆம் கமிங்” என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் சிஸ்டர் என்னைப் பிடிபிடியென்று பிடித்தார். கிழவி கட்டிலுக்குப் போக மறுத்து, சூப்பையும் தொடாமல், ‘மேரி வருவாள், வருகிறேன் என்று சொன்னாள்’ என்று வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். நான் ஓடிப்போய், எங்கள் ஊரில் போகிறேன் என்பதைத்தான் அப்படிச் சொல்வோம் என்று விளக்கினேன். அவர் கோபப்படவில்லை. “அப்படியென்றால், நிஜமாகவே வரும்போது என்ன சொல்வீர்கள்?” என்று கேட்டார்.

நிஜமாக வரும்போதும் அதையேதான் சொல்வோம் என்று எப்படிச் சொல்வது? அட, ஊரே இதை நம்பித்தானே ஒருவரையொருவர் வழியனுப்புகிறது. கம்பளியோடு உட்கார்ந்திருந்த அந்த உருவத்தில் எனக்கு அக்காதான் தெரிந்தார். பாத்ரூமுக்குள் போய் அழுதேன்.

அன்றைக்கே எழுதினேன். “அக்கா, நான் வரலை. அலுத்துப்போயிட்டேன். எனக்காகக் காத்திருக்காதீக. சாவியை வேற யாருக்காவது குடுத்துருங்க. என்னை மன்னிச்சிருங்க.” பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்தது. தாளின் அடியில் கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது. வாரேங்க்கா என்று எழுதிப் பெயர் போட்டு ஒட்டிவிட்டேன். தபால் பெட்டிக்குள் விழுந்த பிறகுதான் என்ன எழுதினேன் என்று உறைத்தது.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. அக்காவின் கடிதம் இவ்வளவு சின்னதாக வந்ததில்லை. “ஆரோக்கியம், சாவியக் குடுத்துட்டேன். நல்ல பிள்ளைதான், கஞ்சிதான் கூடப் போடுறா. நீ எழுதுனதை எல்லாம் படிச்சேன். கடேசி வார்த்தைய மட்டும் நான் வச்சுக்கிட்டேன்.”

இப்போது நானும் மிசஸ் ஹோல்ட்டிடம் ‘ஐம் ஆஃப்’ என்றுதான் சொல்கிறேன். அவரும் தலையாட்டிவிட்டு நேரத்துக்குச் சூப்பைக் குடிக்கிறார். கோட்டை மாட்டி, குடையை எடுத்து, வார்டுக் கதவு என் பின்னால் சாத்திக்கொண்ட பிறகு, அந்த வெறும் வராந்தாவில் ஒரு தடவை வாரேன் என்று சொல்லிக்கொள்கிறேன். சொன்னது உள்ளே இருக்கிற கிழவிக்கா, காரைக்குடியில் இருக்கிற அக்காவுக்கா என்று எனக்கே தெரியவில்லை.