வேம்பு இறைத்த கிணறு

எண்ணூர்க் கழிமுகத்தில் ஓரிடத்தில் சேற்றிலிருந்து ஓயாமல் குமிழி கிளம்பும். நெருப்பைக் காட்டினால் நீலமாய்ப் பற்றி அணையும். ஐம்பத்துநாலில் எண்ணெய் தேடி ஒரு கம்பெனி வந்தபோது, முகத்துவாரக்குப்பத்து மீனவன் வேம்பு தன் படகிலேயே அவர்களை அங்கே அழைத்துப் போனான்.

மண்ணை ஆராயும் அதிகாரி பொறுமையாகவே விளக்கினார். எண்ணெய் குளம்போலத் தேங்கியிருக்காது. மணற்பாறையின் நுண்துளைகளில் ஊறிக் கிடக்கும். மேலே களிமண் பாறை மூடிபோல் இறுகியிருந்தால்தான் வெளியேறாமல் நிற்கும். வேம்புவின் மனதில் எண்ணெய் மட்டுமே தங்கியது. வீட்டுக்கு ஒருவருக்கு வேலை நிச்சயம் என்று குப்பமெங்கும் சொன்னான். துளையிடும் இரும்புக் கோபுரத்தைச் சேறு தாங்காது என்பதால், நல்ல தண்ணீர்க் கிணற்றை ஒட்டிய மேட்டை ஊர் விட்டுக்கொடுத்தது.

துளை களிமண்ணைத் தாண்டியதும் குழாய் உறுமியது. பீறிட்ட வாயுவை, துளைக்கருவிகளைத் தீட்டப் பக்கத்தில் மூட்டியிருந்த கொல்லுலை நெருப்பு பற்றவைத்தது. வேடிக்கை பார்த்து நின்ற வேம்புவுக்கு முகம் வெந்து, இரண்டு கண்களும் போயின.

மக்கிய கோரையின் வாயுதான், எண்ணெய் இல்லை என்று கம்பெனி கோபுரத்தைப் பிரித்துக்கொண்டு போனது. துளையை அடைக்கவில்லை. களிமண் அதுவரை அடக்கி வைத்திருந்த உப்புநீர் அதன் வழியே ஏறிக் கிணற்றைக் கெடுத்தது.

ஊர் கூடியது. நாட்டாமை குமாரவேல் தீர்ப்புச் சொன்னார்.

"நீதான அவங்கள இட்டுக்கினு வந்த. தண்ணி நல்லாவுற வரைக்கும் நீயே எறை."

"அடியில எண்ணெ கீதுன்னு அவங்கதான சொன்னாங்க நைனா," என்றான் வேம்பு.

மனைவி கெங்கம்மா கைப்பிடித்துக் கிணற்றடியில் விட்டுப் போவாள். அவன் வாளி வாளியாய் இறைத்து, அவ்வப்போது நாக்கில் வைத்துப் பார்ப்பான். இறைக்க இறைக்க உப்புதான் ஏறியது. ஒருநாள் வாலிபர்கள் வெளியிலிருந்து கொண்டுவந்த நல்ல தண்ணீரை அவன் வாளியில் ஊற்றினார்கள். குடித்தவன் வாளியைக் கட்டிக்கொண்டு அழுதான். "கெங்கா, இனிச்சிப்போச்சி!" என்று கத்தினான். சிரிப்பு கேட்ட பிறகே புரிந்தது. அதற்கப்புறம் அவன் நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை. இறைப்பதை மட்டும் விடவில்லை.

அடுத்த மழைக்காலத்தில், கைகள் புண்ணாகிச் சுரம் கண்டு செத்தான். அந்த வாரமே கிணற்றை மண்போட்டு மூடினார்கள். இத்தனை நாள் ஏன் மூடவில்லை என்று கெங்கம்மா கேட்டாள்.

"அது தேறாதுன்னு அப்பவே தெரியும்," என்றார் குமாரவேல்.