பட்டர் குறைத்த கேக்

பொரளையில் வைத்தியர் பட்டரை நிறுத்தச் சொன்னதும் என் கணவரின் முகம் செத்தவீட்டு முகமாகிவிட்டது. நெஞ்சுவலி வந்த அன்றுகூட அவர் அப்படி இருக்கவில்லை. நாலு மணித் தேத்தண்ணீரோடு ஒரு துண்டு பட்டர் கேக் இல்லாமல் வெள்ளவத்தையில் அவருக்கு ஒரு நாள் கழிந்ததில்லை.

"அப்ப நான் இனி என்னத்துக்கு உயிரோட இருக்கிறது?" என்றார்.

"எனக்காக இருங்கோவன்" என்றேன். எனக்குச் சரியான கோபம்.

நானே கேக் செய்து கொடுப்பதென்று தீர்மானித்தேன். பட்டரைக் கால்பங்காக்கி, மிச்சத்துக்கு ஒரு கப் யோகட்டும் கொஞ்சம் எண்ணெயும் சேர்த்தேன். முதல் தரம் எலுமிச்சை வாசம் வரட்டுமென்று தேசிக்காய்த் தோலை உள்வெள்ளை வரை திருவிவிட்டேன். ஒரே கசப்பு. "கசாயத்தில கேக் செய்தனீரோ?" என்றார். அடுத்தது நடுவில் குழி விழுந்தது. மூன்றாம் தரம் பச்சைத் தோலை மட்டும் திருவி, வெள்ளைக்கருவைத் தனியாக நுரைக்க அடித்து, பாண் சுடுகிற நீளத் தட்டில் ஊற்றினேன். கேக் அழகாக எழும்பியது. வீடெல்லாம் தேசிக்காய் வாசம். அவர் ஒரு துண்டு சாப்பிட்டு, விருந்துக்குப் போன வீட்டில் சொல்வதுபோல "நல்லாயிருக்கு" என்றார். இரண்டாம் துண்டு கேட்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை பின்னேரம், "கேற்றடியில காத்து வாங்கிட்டு வாறன்" என்று சாரத்தோடும் வீட்டுச் சட்டையோடும் இறங்கிப் போனார். அரைமணியில் மேல்வீட்டுப் பெண் ஓடி வந்தாள்.

"அன்ரி, அங்கிளைச் சந்திச் செக்பொயின்ற்றில மறிச்சு வச்சிருக்கிறாங்கள். ஐசி இல்லையாம்!"

சண்டை நடந்த அந்த நாட்களில் அடையாள அட்டை இல்லாமல் எங்கள் தமிழ் ஆட்கள் கேற்றைத் தாண்டுவதில்லை. அவருடையது எப்போதும் வெளிச்சட்டைப் பையில் இருக்கும். அந்தச் சட்டையைப் போட்டால் எங்கே போகிறீர்கள் என்று நான் கேட்பேன். பேக்கரிக்கு என்று சொல்லவேண்டி வரும். அதற்குப் பயந்து, அலுமாரியில் சட்டையையும் ஐசியையும் விட்டுவிட்டுப் போயிருக்கிறது மனிசன்!

ஐசியையும் வீட்டு ஆட்களைப் பதிந்த பொலிஸ் பதிவுத் துண்டையும் தூக்கிக்கொண்டு ஓடினேன். போகிற வழியில் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்தேன். மனிசன் வீடு திரும்பினால் அவருக்கு முழு றாத்தல் பட்டரில் கேக் செய்வேன் என்றும் நேர்ந்தேன்.

மண்மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு மர வாங்கில் குந்தியிருந்தார். மடியில் பேக்கரிக் கடதாசிப் பை. அதற்குள்ளும் விரல்விட்டுத் தேடியிருந்தார்கள். கேக் உதிர்ந்து கிடந்தது. "அப்பே மஹத்தயா, லெடெக்" என்று, இவர் என் கணவர், நோயாளி என்பதை எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். பொலிஸ்காரர் அட்டையைப் பார்த்தார், இவர் முகத்தைப் பார்த்தார், போகச் சொன்னார். அதே வாங்கில் இருந்த இரண்டு இளைஞர்களிடம் ஐசி இருந்தது, அவர்களை விடவில்லை. அவர்களைத் திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. இன்றைக்கும் அது மனத்தை அரிக்கிறது.

வீட்டுக்குள் வந்ததும்தான் வாயைத் திறந்தேன். "ஒரு துண்டுக் கேக்குக்காக என்னை அறுதலியாக்கப் பாத்தனீங்களோ?" என்று அழுதழுது ஏசினேன்.

அடுத்த நாள் ஒரு றாத்தல் பட்டர் வாங்கினேன். நேர்ந்தது நேர்ந்ததுதானே. நாலு மணிக்கு ஒரு பெரிய மொத்தத் துண்டை அவர் முன்னால் வைத்தேன். ஒரு கடி கடித்துவிட்டுக் கேக் வைத்த கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"என்னப்பா, உதுக்குத்தானே போனீங்கள்? சாப்பிடுங்கோ."

"வேண்டாம். உம்மட தேசிக்காய்க் கேக்கையே செய்யும்" என்றார். பிறகு, என்னைப் பார்க்காமல், "நேற்று பஸ் ஓடுற காலி ரோட்டால நீர் செருப்பில்லாமல் ஓடி வந்தனீர்" என்றார்.

விடியத் தொடக்கம் உள்ளங்கால் ஏன் எரிகிறது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.